சாவுக்கு முன்னரே முடி துறந்த சக்கரவர்த்தி



ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் நகரிலே, பிராடோ ஓவியக் கூடத்தில், பதினொரு அடிக்கு மேற்பட்ட உயரமுடைய பழைய படமொன்று உண்டு. வெனிஸ் நகரத்து ஓவியர் டிஷியன் 1554இல் அதனை வரைந்து முடித்தார். உச்சியில் பரிசுத்த திரித்துவம் பேரொளியில் விளங்குகின்றது. தேவமாதா நீல ஆடையுடன் பரிந்து பேச நிற்கின்றார். கீழே நோவாவும் மோசேயும் தாவீதும் காணப்படுகின்றனர். வலப்புறத்தில் வெண்ணிறப் பிரேதச் சீலை போர்த்து, முழந்தாளிட்டுக் கைகூப்பி நிற்பவரைக் கவனியுங்கள். அவரது மணிமுடி பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றது.

அவர்தான் ஐந்தாம் சாள்ஸ் சக்கரவர்த்தி. இவ்வாறு தம்மை இறந்தவராக வரையும்படி கேட்டபோது அவர் உயிரோடிருந்தார்; வயது ஐம்பதை எட்டியிருந்தது.

சாள்ஸ் 1500ஆம் ஆண்டு மாசி மாதம் 24ஆம் நாள் கெண்ட் நகரிலே பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். சித்தம் கலங்கியவரெனக் கருதப்பட்ட தாய் பல்லாண்டுகள் காவலில் வைக்கப்பட்டார். மகனோ 16 வயதில் ஸ்பெயினின் அரசர். 19 வயதில் சக்கரவர்த்தி. நெதர்லாந்து, நாப்போலி, அமெரிக்கக் குடியேற்றங்கள் எல்லாம் அவர் ஆட்சிக்குட்பட்டன.

ஆயினும் எண்ணியவை எல்லாம் நிறைவேறவில்லை. 1521இல் வோம்ஸ் நகரிலே லூத்தர் அவர் முன் நின்றார். அன்று வெளிப்பட்ட பிளவைப் பேச்சாலும் வாளாலும் தீர்க்க முயன்றார், முடியவில்லை. 1527இல் சம்பளம் பெறாத அவருடைய படையினரே உரோமையைச் சூறையாடினர். பாப்பரசர் ஏழாம் கிளமெந்து சிறைப்பட்டார். அவர் பெயரில் விழுந்த அந்தக் கறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1526இல் அவர் மணந்த இசபெல்லா 1539இல் பிள்ளைப்பேற்றின்பின் காலமானார். சாள்ஸ் மறுமணம் செய்யவில்லை. படத்தைத் திரும்பவும் பாருங்கள்: இறந்துபோன இசபெல்லாவும், உயிரோடிருந்த கணவரும், மகன் பிலிப்பும் ஒரேவித வெண்சீலையில் இறைவன் முன் நிற்கின்றனர். போரும் பயணமும் மரணமும் பிரித்த குடும்பம் அங்கே ஒன்றாயிருக்கின்றது.

படத்தில் செய்ததை அவர் வாழ்விலும் செய்தார். 1555 ஐப்பசி 25இல், வாதநோயால் தளர்ந்து, ஓர் இளைஞரின் தோளில் சாய்ந்தபடி பிரசெல்ஸ் சபைக்கு வந்து நெதர்லாந்தை மகனிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு ஸ்பெயினையும் கொடுத்தார். பேரரசுப் பொறுப்பைத் தம்பி பேர்டினண்டுக்கு விட்டார். 1557 மாசியில் யூஸ்தே துறவிமடத்தை அடுத்த சிறு மாளிகையில் குடியேறினார். படுக்கையிலிருந்தே பீடத்தைக் காணும்படி அவரது அறை அமைக்கப்பட்டிருந்தது. இப்படமும் உடன் வந்தது. இறுதி நோயின்போது மனைவியின் உருவப்படத்தையும் இதனையும் கொண்டுவரச் செய்து நெடுநேரம் நோக்கியிருந்தாராம். 1558 புரட்டாதி 21இல், இசபெல்லா சாகும்போது பிடித்திருந்த அதே பாடுபட்ட சுரூபத்தைக் கையிலேந்தி உயிர்நீத்தார்.

வாசகரே, அவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றவில்லை. அவர் பாவமன்னிப்பு வேண்டி நின்ற ஒரு மனிதர். நமது வீட்டுச் சுவரிலும் குடும்பப் படங்கள் தொங்குகின்றன. நல்லுடுப்பும் நகையும் அணிந்து நிற்கின்றோம். அவற்றில் பிரேதச் சீலை இல்லை. ஆயினும் அப்படங்களின் கீழே இன்றிரவு குடும்பமாக முழந்தாளிட நம்மால் முடியும். கழற்றி வைக்க வேண்டிய முடி எதுவென்று அவரவர் உள்ளமே அறியும்.