திவான் சேஷாத்திரி ஐயரும் மைசூர்க் கடைவீதியும்

மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருக்கும் தமிழன்பர்களுக்குக் கடைக்குப் போவதென்றால் இரண்டு வழிகள் உண்டு. காய்கறி, பழம், வெற்றிலை, பூ என்ற அளவில் தேவை முடியுமாயின் பக்கத்திலேயே வாணி விலாஸ் மார்க்கெட் இருக்கிறது. கலியாணம், பண்டிகை போன்ற பெரிய காரியமாயின் அரண்மனைக் கோட்டையின் ஓரமாக வடக்கே நடந்து, கே. ஆர். சர்க்கிளைக் கடந்து, தேவராஜ மார்க்கெட்டையும் சயாஜி ராவ் சாலையையும் அடைய வேண்டும். அங்கே லான்ஸ்டவுன் கட்டடம் என்று ஒரு நீண்ட மாடிக் கடை வரிசை இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பழைய பாடப் புத்தகங்களைக் குறைந்த விலைக்கு வாங்க அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் மொய்ப்பார்கள். மத்தியதரக் குடும்பங்கள் பலவற்றின் படிப்பு அந்தக் கடைகளின் தயவால் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இவற்றுள் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டு 25ஆம் நாள் இடிந்து விழுந்து நால்வரின் உயிரைக் கொண்டு போயிற்று. கடைக்காரர்கள் வெளியேற்றப்பட்டனர். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதியும் சரிந்தது. சென்னையில் வாழ்ந்த அன்பர்கள் 1985இல் மூர் மார்க்கெட் எரிந்ததையும், அதே பத்தாண்டில் மவுண்ட் ரோடு ஸ்பென்ஸர் கடை தீக்கிரையானதையும் நினைத்துக் கொள்ளலாம். ஊர் மனிதனுக்கு ஒரு கடைவீதி மறைவது உறவினர் வீடு ஒன்று பூட்டப்படுவது போன்றது.

ஆயினும் இக்கடைவீதி யார் காலத்தில் எழுந்தது என்று கேட்டால் நம்மில் பலர் மகாராஜா காலத்தில் என்று சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அது பிழையன்று. ஆனால் மகாராஜாவுக்குப் பக்கத்தில் நின்று ஆட்சிச் சுமையைத் தாங்கியவர் நம் மொழி பேசிய ஒருவர். அவர்தாம் திவான் ஸர் கு. சேஷாத்திரி ஐயர். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அப்பெரியாரின் சரிதத்தைச் சுருக்கமாகச் சொல்ல விழைகிறோம்.

ஐயர் 1845 ஜூன் 1ஆம் நாள், அப்போது சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் பிறந்தார். பாலக்காட்டுத் தமிழ் அக்ரஹாரங்களில் அதுவும் ஒன்று. அவ்வூர்க் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன் தஞ்சைச் சீமை முதலிய இடங்களிலிருந்து மலை கடந்து போய்க் குடியேறியவை. ஆகவே மைசூருக்கு வந்து சேர்ந்த ஐயர் இரண்டாம் முறை ஊர் பெயர்ந்த மரபினர் எனலாம். தந்தையார் அனந்தநாராயண ஐயர் வக்கீல். குழந்தைக்கு நினைவு தெரியுமுன்பே அவர் காலமாகிவிட, மூத்த தாரத்து மகனான தமையனார் தம்பியை வளர்த்தார். கோழிக்கோட்டில் பள்ளிப் படிப்பு. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம். கோழிக்கோடு கலெக்டர் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராகச் சிறிது காலம் உழைத்தார்.

அங்கேதான் அவர் வாழ்வின் திசை திரும்பியது. செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு என்பவர் மலபாரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் இவ்விளைஞரின் திறமையைக் கண்டு வைத்திருந்தார். மைசூர் ஸமஸ்தானப் பணிக்குத் தாம் சென்றதும் 1868இல் ஐயரையும் அழைத்துக் கொண்டார். நீதித்துறைச் சிரஸ்ததாராகத் தொடங்கி, பணியில் இருந்தபடியே 1874இல் பி.எல். தேறி, 1879இல் தும்கூர் ஜில்லாவின் தலைமை அதிகாரியானார். இப்படிப் படிப்படியாக ஏறியவர் ஆதலால், கிராமக் கணக்கு முதல் ஹைகோர்ட்டுத் தீர்ப்பு வரை அவருக்குத் தெரியாத காகிதம் கிடையாது.

ஐம்பது ஆண்டுக் காலம் ஆங்கிலக் கமிஷனர்கள் ஆண்ட மைசூர், 1881 மார்ச்சில் பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ரங்காசார்லு முதல் திவானானார். பிரதிநிதி சபையை அவ்வாண்டே கூட்டினார். மைசூர் டவுன் ஹால் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1883 ஜனவரியில் அவர் மறையவே, 38 வயது நிரம்பாத சேஷாத்திரி ஐயர் திவான் பதவியை ஏற்றார். 1901 மார்ச்சு வரை பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அத்தனை நீண்ட காலம் அப்பதவியில் இருந்தவர் பிற்காலத்துத் திவான்களில் வேறெவரும் இல்லை.

அவர் ஏற்ற நாளில் கஜானா காலி. 1876 முதல் 1878 வரை நாட்டை அழித்த பஞ்சம் 80 லட்சம் ரூபாய்க் கடனை விட்டுச் சென்றிருந்தது. இன்னொருவராயின் செலவைச் சுருக்கிக் கொண்டு சும்மா இருந்திருப்பார். ஐயரோ, தானியத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்ல வழியில்லாததே பஞ்சத்தில் பாதி என்று கண்டு, கடன் வாங்கியேனும் ரயில் பாதை போடுவது என்று துணிந்தார். ரங்காசார்லு காலத்தில் 1882இல் பெங்களூர்-மைசூர் பாதை முடிந்திருந்தது. ஐயர் காலத்தில் தும்கூர் வழியாக ஹரிஹரம் வரை பாதை நீண்டு 1889இல் புனாவோடு தொடர்பு ஏற்பட்டது. 1891இல் மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு வண்டி ஓடிற்று. 1894இல் கோலார்த் தங்கவயலுக்குக் கிளைப்பாதை. 1899இல் பீரூரிலிருந்து சிவமொக்காவுக்கு மற்றொன்று. ரயில்வேயில் ஊதியம் பெறும் நாம் இந்த ஆண்டுகளைச் சற்று நிறுத்தியே சொல்லுகிறோம், வாசகர்கள் பொறுத்தருள்க. இப்பாதைகளில் சரக்கு வந்து இறங்கியதால்தான் மைசூரில் பெரிய கடைவீதிக்கே வேலை பிறந்தது.

இனிக் கடைவீதிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவானாயிருந்த பூர்ணையா, காவிரி நீரை மைசூர் நகருக்குக் கொண்டு வர எண்ணி ஒரு பெரும் வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் ஏறி வரவில்லை. வாய்க்கால் மட்டும் நகரின் நடுவே பள்ளமாகக் கிடந்து, கழிவும் கொசுவும் நிறைந்து நோய்க்கு இடமாயிற்று. ஐயர் ஆட்சிக் காலத்தில் நகரத்துக்குள் ஓடிய அப்பகுதி முழுவதும் தூர்க்கப்பட்டு, அதன் மேலே அகன்ற சாலை போடப்பட்டு, இருபுறமும் அழகிய கடை வரிசைகள் எழுந்தன. பரோடா மன்னரின் பெயரால் அது சயாஜி ராவ் சாலை ஆயிற்று. தசரா ஊர்வலத்தில் யானை நடக்கும் சாலை அதுவே. அதன் கீழே பூர்ணையாவின் வாய்க்கால் புதைந்து கிடக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. 1892இல் வைஸ்ராய் லான்ஸ்டவுன் பிரபு மைசூருக்கு வந்ததை ஒட்டி அவர் பெயரால் லான்ஸ்டவுன் கட்டடம் எழுந்தது. மறைந்த அடையாளம் ஒன்றின் மேல் மற்றொன்று எழுகிறது. அதுவும் பின்னால் மறைகிறது.

அதே 1892இல் சுவாமி விவேகானந்தர், உலகம் அறியாத துறவியாகப் பெங்களூருக்கு வந்தபோது ஐயர் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். ஐயரே அவரை மகாராஜாவுக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

1894 ஐயருக்குக் கடுமையான ஆண்டு. எட்டு வயது நிரம்பாத பெண்களுக்கு மணம் முடிப்பதையும், ஐம்பது வயது கடந்தவர் பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை மணப்பதையும் தடுக்கும் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. வைதிகர் பலர் சினந்தனர். அக்ரஹாரத்தில் பிறந்த ஒருவர் இச்சட்டத்தை நிறைவேற்றினார் என்பதை அவருடைய பெருமைகளில் தலையாயதாக நாம் கருதுகிறோம். ஆண்டு முடியுமுன், டிசம்பர் மாதத்தில் மகாராஜா கல்கத்தாவில் தொண்டை நோயால் காலமானார். இளவரசருக்குப் பத்து வயது. மகாராணி வாணி விலாஸ ஸன்னிதானம் ஆட்சிப் பொறுப்பை ஏற்க, திவான் ஆலோசனை சபையின் தலைவரானார். நம் அக்ரஹாரத்து மார்க்கெட்டின் பெயர் அந்த அம்மையாருடையது. 1897இல் அரசகுமாரியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்து போயிற்று. மறு ஆண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. அதனால் நெரிசலைக் குறைக்கப் பசவனகுடியும் மல்லேசுவரமும் தோன்றின.

இப்பெரியாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்பட்டது. புலம் பெயர்ந்த நம் போன்றோர் மலரில் அதை மறைப்பது முறையாகாது. உயர்ந்த பதவிகளுக்குச் சென்னை மாகாணத்தாரையே கொண்டு வந்து நிரப்புகிறார், மண்ணின் மைந்தர் ஒதுக்கப்படுகின்றனர் என்று அன்றைய பத்திரிகைகள் அவரைத் தாக்கின. மைசூர் மைசூராருக்கே என்ற குரல் வலுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எதிர்ப்பைப் பொறுக்காதவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. குறை முழுவதும் பொய் என்று நாம் வாதாட மாட்டோம். வெளியூர்ப் பட்டதாரிகளுக்கு அன்று கல்வியின் முந்துரிமை இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் கசப்பு நியாயமானதே. எனினும் ஸமஸ்தானத்தில் போட்டித் தேர்வு முறையைப் புகுத்தியதும், பிரதிநிதி சபைக்கு 1891இல் தேர்தலைக் கொண்டு வந்ததும் ஐயரே. தாம் ஈட்டிய புகழையும் வசவையும் இந்த மண்ணிலேயே வைத்துச் சென்றார்; பிறந்த ஊருக்கு மூட்டை கட்டவில்லை. நம் குடும்பங்கள் பலவும் அவ்வாறே இங்கே வேர்விட்டவை.

அவருடைய இறுதிக் கனவு சிவசமுத்திரம். காவிரி அருவியின் வலிமையை மின்சாரமாக்கி, 92 மைல் தூரத்திலுள்ள கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே அனுப்பும் திட்டத்தை லோத்பினியர் என்னும் எஞ்சினியர் வகுத்தார். அத்தனை தூரம் மின்சாரம் செல்லுமா என்று ஐயுற்றோர் பலர். ஐயர் திட்டத்தின் பக்கம் நின்று வேலையைத் தொடங்குவித்தார். ஆனால் உடல் நலம் குன்றியது. 1901 மார்ச்சில் பதவியை விட்டார். செப்டம்பர் 13ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவருக்குப் பின் திவானாக வந்தவர் வாய்க்கால் வெட்டிய பூர்ணையாவின் வழித்தோன்றலான கிருஷ்ணமூர்த்தி.

பெங்களூர்க் கப்பன் பூங்காவில் ஐயரின் சிலை 1913இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சால் திறக்கப்பட்டது. அங்குள்ள நூலக மண்டபமும் அவர் நினைவாக எழுந்ததே. மைசூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902 ஜூனில் தங்கவயலை எட்டியது. 1905இல் பெங்களூர் விளக்குகள் எரிந்தன. மைசூர்த் தெருக்களுக்கு அவ்வொளி 1908இல்தான் வந்தது. அப்போது ஐயர் காலமாகி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.