கோதுமைத் துருவைத் தேடி மலையேறிய பேராசிரியர்



போன மார்கழியில் எங்க அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்றரை ஏக்கர் சம்பா, கதிர் வந்த பிறகு கழுத்து ஒடிஞ்சு பதராய் நின்றது. குலைநோய். அந்த நெல்லை விற்றுத்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டுவதாக இருந்தது. கடைசியில் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. ஊரில் சிலர் திருஷ்டி என்றார்கள். அப்பா, பனிதான் பயிரைக் கெடுத்தது என்றார். எங்க வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கும் பதில் தெரியவில்லை. அதைத் தேடி நூலகத்தில் புரட்டியபோதுதான் கரம் சந்த் மேத்தா என்ற மேதையைப் பற்றி அறிந்தேன்.

1892இல் பிறந்த மேத்தா, ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். 1923 வாக்கில் கோதுமையின் துரு நோயைக் கையில் எடுத்தார். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று துரு மூன்று வகை. நோய் கண்ட இலையைத் தொட்டால் இரும்புத் துரு மாதிரி விரலில் ஒட்டும். அந்தத் தூள் முழுக்கப் பூஞ்சாணத்தின் வித்துகள்.

வடநாட்டில் கோதுமை குளிர்காலப் பயிர். அறுவடை முடிந்ததும் ஆக்ராவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இந்தப் பூஞ்சாணமோ உயிருள்ள செடியில்தான் வாழும். அப்படியென்றால் அடுத்த வருஷம் நோய் எங்கிருந்து வருகிறது? மேல்நாட்டில் பார்பெரி என்ற முட்செடிதான் கறுப்புத் துருவுக்கு இடம் கொடுக்கிறது என்று கண்டு, அமெரிக்காவில் 1918 முதல் அதை வெட்டி ஒழித்தார்கள். இமயமலையிலும் பார்பெரி உண்டு. ஆனாலும் மேத்தா அந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை.

இந்தப் பூஞ்சாணத்தை ரொட்டிப் பூஞ்சை போலத் தட்டில் வளர்க்க முடியாது. தொட்டியில் நாற்று வளர்த்து, அதில் வித்தைத் தடவித்தான் பெருக்க வேண்டும். வெப்பநிலைதான் இதில் எஜமான். மஞ்சள் துருவுக்கு 10 முதல் 15 டிகிரி போதும். கறுப்புத் துருவுக்கு 25 டிகிரி அளவில் கதகதப்பு வேண்டும். சமவெளியின் கோடையை எந்த வித்தும் தாண்டுவதில்லை என்று மேத்தா கண்டார். பிறகு மலைகளில் தேடினார். அங்கே குளிர்ச்சியில், தானாக முளைத்த கோதுமையிலும் பருவம் தப்பிய பயிரிலும் துரு உயிரோடு இருந்தது! வடக்கே இமயமலை, தெற்கே நம்ம நீலகிரியும் பழனி மலையும். அங்கிருந்து காற்று வித்துகளைச் சமவெளிக்குக் கொண்டு வருகிறது. நம் நாட்டில் வருஷா வருஷம் துரு வருவதற்குப் பார்பெரி காரணமில்லை என்று நிறுவினார்.

1930இல் அரசின் வேளாண் ஆராய்ச்சிக் குழு மானியம் கொடுத்தது. சிம்லாவில் ஆய்வுக்கூடம் அமைந்தது. 1940இல் அவர் நூல் வெளிவந்தது. 1950இல் மேத்தா மறைந்தார். இரண்டாம் பாகம் 1952இல்தான் அச்சானது. வங்கக் கடல் புயல்கள் நீலகிரி, பழனி மலைகளின் வித்துகளை மத்திய இந்தியா வரை சுமந்து செல்வதை 1970களில் நம் விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

நண்பர்களே, கோதுமை வேறு, நெல்லு வேறு, பூஞ்சாணமும் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான்: எந்தச் சூட்டில் அது பெருகுகிறது? இரவு 20 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்து, இலையில் பனி நெடுநேரம் நின்றால் குலைநோய்க்குக் கொண்டாட்டம். யூரியா அதிகமானால் இன்னும் மோசம். அப்பா சொன்ன பனி பாதி உண்மைதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. படிக்காத அவரைப் பெருமையாக நினைத்தேன்.

இந்தச் சம்பாவுக்கு அப்பா யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். நான் வரப்பில் தெர்மாமீட்டர் கட்டி, தினமும் விடியற்காலையில் நோட்டில் எழுதி வருகிறேன். குளிர் இறங்கும் நாளில் அப்பாவே வந்து எத்தனை டிகிரி என்று கேட்கிறார். விளைச்சல் எப்படியோ, எங்க வீட்டில் திருஷ்டிப் பேச்சு நின்று போச்சு.

அடுத்தவர் கண்ட விடையை அப்படியே ஏற்காமல், நம் மண்ணில் சோதித்துப் பார்த்த மேத்தாவின் வழியில் நாமும் நடப்போமாக!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பட்டயப் படிப்பு