உதிரம் அளித்தோருக்குப் பட்ட கடன்
1925-ம் வருஷம் நியூயார்க்கில் பிறந்த வைத்தியர் பரூக் பிளம்பர்க், நோய் சிலரைப் பற்றிச் சிலரை விடுவதன் காரணத்தை ஆராய்வான் வேண்டிப் பல தேசத்தாரின் உதிரத்தைச் சோதித்தார். ஆஸ்திரேலிய ஆதிகுடி ஒருவரின் உதிரத்தில் அவர் கண்டு, 1965-ல் வெளியிட்ட 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்', ஹெபடைடிஸ்-பி கிருமியின் மேலுறையே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1969-ல் மில்மனுடன் தடுப்பூசி முறையை வகுத்தார், 1976-ல் நோபல் பரிசு பெற்றார், 2011-ல் காலமானார்.

ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் சிசுக்கள் அனைவருக்கும் அவ்வூசி கிட்டியது 1990-ல்தான். அதற்குமுன் நோய் பற்றிய ஆதிகுடிகளுக்கு ஆயுள் முழுதும் பரிசோதனை வேண்டும். தொலைதூரக் குடியிருப்புகளுக்கு வைத்தியரை அனுப்பும் செலவு பெரிதென்போர், கல்லீரல் புற்று முற்றியபின் நேரும் பொருட்செலவையும் உயிர்ச்சேதத்தையும் கணக்கிடட்டும். அவர்தம் உதிரத்தால் உலகம் பிழைத்தது. அச்செலவு தருமமன்று, கடன்.