காரைக்கால் அம்மையார்

காரைக்கால் அம்மையார் சைவ நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவர். அவர்களுள் பெண்கள் மூவரே. இவர் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பர். இயற்பெயர் புனிதவதி.

வாழ்க்கை

இவரது வரலாறு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தால் அறியப்படுகிறது. அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்காலில், வணிகர் தனதத்தனின் மகளாகப் பிறந்து, நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனை மணந்தார். கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைச் சிவனடியார் ஒருவருக்கு அளித்துவிட்டார். கணவன் இரண்டாவதையும் கேட்டபோது இறைவனை வேண்டிக் கனி பெற்றார். இதனால் அச்சமுற்ற பரமதத்தன் கப்பலேறிச் சென்று, பின்னர்ப் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரை அங்கு அழைத்துச் சென்றபோது அவன் அவர் காலில் விழுந்து வணங்கினான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று பேய் வடிவம் வேண்டிப் பெற்ற அம்மையார், கயிலையைத் தலையால் நடந்து கடந்து, இறைவன் பணித்தவாறு திருவாலங்காட்டை அடைந்தார்.

ஆலங்காட்டின் இயற்கை

திருவாலங்காடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. நெல் விளையும் காவிரிக் கழிமுகத்தில் பிறந்தவர் பாடியதோ வறண்ட சுடுகாட்டுப் புதர்நிலம். எட்டி, இலவம், சூரை, காரை ஆகியவை அங்கே மண்டிக் கிடக்கின்றன. கள்ளியின் மேல் ஈகைக் கொடி படர்கிறது. நள்ளிரவில் வாகையின் வெண்ணிற நெற்றுகள் ஒலிக்கின்றன. கூகை கத்த, ஆந்தை கிளையில் தாவுகிறது. ஓமக்குழியில் இட்ட சோற்றைக் குறுநரி தின்றுவிட, ஏமாந்த பேய்கள் சினந்து ஓடுகின்றன. கள்ளிக் கவட்டில் கால் நீட்டி அமர்ந்த பேய் ஒன்று கொள்ளிக் கரியை மசித்து மை தீட்டிக்கொள்கிறது. இக்காடே சிவனின் ஆடரங்கு.

வாகை நெற்றின் ஒலி குறுந்தொகையின் பாலைப் பாட்டிலும் வருவது. பாலை பிரிவுக்குரிய திணை. ஆயினும் கணவனால் பிரியப்பட்ட இவர் தம் பாடல்களில் கணவனையோ மாங்கனியையோ குறிப்பிடவில்லை. தம்மைக் காரைக்கால் பேய் என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறார்.

படைப்புகள்

அற்புதத் திருவந்தாதி (101 பாடல்கள்), திருஇரட்டை மணிமாலை (20), திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு (22) ஆகியவை பதினோராம் திருமுறையில் உள்ளன. பதிகங்களின் பண்கள் நட்டபாடையும் இந்தளமும் ஆகும். தேவார மூவருக்கு முற்பட்டவை ஆதலின் இவை மூத்த பதிகங்கள் எனப்பட்டன. அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்கத் தயங்கிச் சம்பந்தர் வெளியே தங்கினார் என்கிறது பெரிய புராணம்.

விழா

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவர்.