மரச்சிற்பி லூயி ஜொபேன்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கனடா என்றதும் நம் நினைவுக்கு வருவன பனியும் கோதுமை வயல்களுமே. அந்நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசும் மக்களே பெரும்பான்மையினர் என்பதையும், சென்ற நூற்றாண்டுகளில் ஊர்தோறும் கத்தோலிக்க ஆலயமும் அதன் உள்ளும் புறமும் நின்ற புனிதர்களின் சுரூபங்களும் அவர்தம் வாழ்வோடு பின்னிப் பிணைந்திருந்தன என்பதையும் நம்மில் பலர் அறிந்திரார். அத்தகைய சுரூபங்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் மரத்திலே செதுக்கித் தந்தவர் லூயி ஜொபேன்.

அதே மண்ணில், அதே காலத்தில் வாழ்ந்த மற்றொரு சிற்பி லூயி ஃபிலிப் ஏபேர் (1850–1917). அவரும் மரத்தில்தான் தொடங்கினார். ஆனால் பாரிசு நகரில் பல்லாண்டுகள் தங்கி, வெண்கலத்தில் வார்த்து, விருதுகள் பல பெற்றார். கியூபெக் சட்டமன்ற மாளிகையின் முகப்பில் நிற்கும் வரலாற்று வீரர்களுள் பலர் அவர் கைவண்ணமே. அவரைக் கலைஞர் என்று அழைக்க ஒருவரும் தயங்கியதில்லை. ஜொபேனை அவ்வாறு அழைப்பதில்தான் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கமே அவர்பால் என்னை ஈர்த்தது.

ஜொபேன் 1845-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் செயின்ட் ரேமோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இருபது வயதை எட்டும் வேளையில் கியூபெக் நகரில் பெர்லாங்கே என்ற சிற்பியின் பட்டறையில் சேர்ந்தார். 1865 முதல் 1868 வரை மூன்று ஆண்டுகள் தொழில் பயின்றார். கல்லூரியும் பட்டமும் இல்லை. உளியும் கொட்டாப்புளியும் ஆசானின் கண்டிப்புமே அவருக்குப் பாடங்கள். பயிற்சி முடிந்ததும் அவர் புறப்பட்டுச் சென்ற இடம் ரோமோ பாரிசோ அன்று, நியூயார்க். அங்கே ஆங்கிலச் சிற்பி ஒருவரின் பட்டறையில் ஏறத்தாழ ஓராண்டு வேலை செய்தார். அப்பட்டறையில் உருவானவை புனிதர்கள் அல்லர். கப்பல்களின் முன்முனையில் பொருத்தப்படும் பெரிய உருவங்களும், புகையிலைக் கடை வாசலில் நிறுத்தப்படும் பழங்குடி மனிதரின் மர உருவங்களுமே ஆகும். எழுத்தறியாத வாடிக்கையாளரும் கடையை அடையாளம் காண்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

இந்த நியூயார்க் வாழ்க்கையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னர் கூறுகிறேன்.

1870 வாக்கில் மாண்ட்ரியல் நகரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அங்கும் கடை அடையாளங்களே பெரும்பாலும் சோறு போட்டன. 1876-இல் கியூபெக் நகருக்குத் திரும்பினார். ஆனால் அக்காலத்தில் மரக்கப்பல்களின் காலம் முடிந்து இரும்பு நீராவிக் கப்பல்களின் காலம் தொடங்கிவிட்டது. கப்பல் முனையில் உருவம் வைப்பாரும் அருகினர். ஒரு தொழிலின் ஒரு கிளை அவர் கண் முன்னரே முறிந்து விழுந்தது. எஞ்சியது ஆலயத் திருப்பணி.

அதிலே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது சாகனே ஆற்றின் கரையில் டிரினிட்டி முனையில் நிற்கும் மாதா சுரூபம். அதன் கதை சுவையானது. ரொபிடாய் என்பவர் ஊர் ஊராய்ச் சென்று சரக்கு விற்கும் வணிகர். 1878-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உறைந்த சாகனே ஆற்றின் மீது குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் சென்றபோது பனிக்கட்டி உடைந்தது. சாவின் விளிம்பில் மாதாவை வேண்டினார், உயிர் பிழைத்தார். நன்றிக்கடனாக அந்த ஆற்றின் மேலேயே ஒரு சுரூபம் எழுப்ப உறுதி பூண்டு, ஊராரிடம் நன்கொடை திரட்டி, ஜொபேனிடம் வந்தார்.

ஜொபேன் வெள்ளைப் பைன் மரத்தில், நாலு ஆள் உயரத்துக்கும் மேலாக அதனைச் செதுக்கினார். மழையும் பனியும் தின்றுவிடாதபடி மேலே ஈயத் தகடு போர்த்தினார். எடை ஏறத்தாழ மூன்று டன். 1881-இல் அது கப்பலில் மலையடிவாரம் வந்து சேர்ந்தது. நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில் உள்ள பாறைத் திட்டுக்கு அதனை முழுதாக ஏற்ற முடியவில்லை. பெரும்பாடுபட்டுச் செய்த உருவத்தைப் பதினான்கு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, அங்கே மீண்டும் ஒன்று கூட்டினார்கள். அறுத்ததையும் பொருத்தியதையும் எண்ணும்போது மரத்தின் அருமை விளங்குகிறது. கல்லாக இருந்திருந்தால் அது அடிவாரத்திலேயே நின்றிருக்கும்! இன்றும் அங்கேதான் நிற்கிறது. படகில் செல்வோர் அண்ணாந்து பார்க்கின்றனர்.

1894-இல் கியூபெக் நகரில் நடந்த குளிர்காலத் திருவிழாவுக்காக ஜொபேன் பனிக்கட்டியிலும் சிலைகள் செதுக்கினார். வெயில் வந்தால் உருகிப் போகும் என்று தெரிந்தே செய்த வேலை. கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் தொழில் என்று வாழ்ந்தவர்க்கு அதிலே வருத்தம் இருந்திருக்க இடமில்லை என்றே எண்ணுகிறேன்.

1896-இல் அவர் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் ஆன் தெ பொப்ரே என்னும் திருத்தலத்துக்குக் குடிபெயர்ந்தார். யாத்திரிகர் திரளும் ஊர் அது. ஆனால் அதற்கும் முன்பே வேறொரு போட்டி வந்துவிட்டது. இத்தாலியிலிருந்து வந்து மாண்ட்ரியலில் குடியேறிய கார்லி, பெட்ருச்சி குடும்பத்தார் அச்சில் வார்த்த பிளாஸ்டர் சுரூபங்களை விற்றனர். மலிவு, பளபளப்பு, அட்டவணையைப் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும். ஆலயத்தின் உட்புறத்தைப் பிளாஸ்டர் பிடித்துக்கொண்டது. ஆயினும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கனடாவின் உறைபனியில் அது வெளியே நிற்காது, வெடித்துவிடும். எனவே ஜொபேன் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டார்! ஆலயத்தின் முகப்பு, கல்லறைத் தோட்டம், சாலையோரச் சிலுவை ஆகியவற்றுக்கு மரத்தில் செதுக்கித் தகடு போர்த்திய பெரிய உருவங்களைச் செய்தார். செயின்ட் ஜார்ஜ் என்ற ஊருக்காக அவர் 1912 வாக்கில் முடித்த, குதிரை மீதிருந்து நாகத்தை வீழ்த்தும் ஜார்ஜ் முனிவரின் பொன்வண்ண உருவம் அவ்வகையில் தலைசிறந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறுக்கு மேல். பிற்காலத்தில் அசலைப் பாதுகாப்பாக உள்ளே வைத்து, நகலை வெளியே நிறுத்தினார்கள்.

1925-ஆம் ஆண்டில் மானிடவியல் அறிஞர் மாரியுஸ் பார்போ அவரைத் தேடி வந்தார். கிராமியப் பாடல்களும் கதைகளும் திரட்டிய பேரறிஞர் அவர். எண்பதை நெருங்கிய கிழவரின் நினைவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உலகம் ஜொபேனை அறிந்தது பார்போவால்தான். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய தூய கைத்தொழில் மரபு ஒன்றின் கடைசி வாரிசாக அவர் ஜொபேனைத் தீட்டினார். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். நியூயார்க்கின் புகையிலைக் கடை உருவங்களை என்ன செய்வது? பிளாஸ்டர் வணிகரின் அட்டவணைப் படங்களையே மாதிரியாக வைத்து அவர் செதுக்கிய சுரூபங்களை எங்கே ஒளிப்பது?

ஒளிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஜொபேன் பிறர் வரைந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார் என்று சிலர் குறை கூறுவர். மாதிரி ஒரு முழ உயரமே இருக்கும். அல்லது வெறும் படமாக இருக்கும். அதனை நாலு ஆள் உயரத்துக்கு வளர்த்து, கீழிருந்து பார்ப்போர் கண்ணுக்கு முகம் சிறுத்துப் போகாமலும் மடிப்புகள் குழம்பாமலும் செய்வதற்கு எந்த அட்டவணை உதவும்? வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் விலைக்கும் உட்பட்டு, ஒரு வழி அடைபட்டபோது மற்றொரு வழி திறந்து, தொழிலாளியாகவே இருந்து அவர் செய்தவை அவை. பழங்கால மரபின் கடைசி விளக்கு என்ற பட்டத்தைவிட இதுவே அவருக்குப் பொருந்தும்.

பார்போ வந்து சென்ற அதே ஆண்டில் ஜொபேன் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 1928 மார்ச் 11-ஆம் நாள் செயின்ட் ஆன் தெ பொப்ரேயில் இயற்கை எய்தினார். அவருடைய படைப்புகளைத் திரட்டிக் கியூபெக் அருங்காட்சியகம் பெருங்காட்சி நடத்தியது 1986-இல். கப்பல் உருவம் செய்தவரும் கடை உருவம் செய்தவரும் மாதா சுரூபம் செய்தவரும் ஒருவரே என்பது அக்காட்சியில் ஒரே கூரையின்கீழ் விளங்கியது.