சினிமா சங்கீத மேதை கார்ன்கோல்டு

கலைத்தொழில்களுள் உயர்வு தாழ்வு கற்பித்துப் பேசுவோர் எந்நாட்டிலும் உளர். கச்சேரி மேடை உயர்ந்தது, சினிமாவுக்கு இசையமைத்தல் இழிந்தது என்னும் வழக்கு ஐரோப்பாவிலும் இருந்தது. அவ்வழக்கினால் வருந்தியும், இழிந்ததெனப் பெற்ற அத்தொழிலாலேயே உயிர் பிழைத்த ஒரு மேதையின் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

எரிக் வுல்ப்காங் கார்ன்கோல்டு 1897-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி, அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த புருன் நகரில் யூதக் குடும்பமொன்றில் தோன்றினார். தந்தை ஜூலியஸ் வியன்னாப் பத்திரிகையொன்றில் சங்கீத விமர்சகராய் விளங்கியவர். மைந்தர் ஒன்பது வயதில் இயற்றியதொன்றைக் கேட்ட வித்வான் மாலர் அவரை மேதையென வியந்தார். பதினோராம் வயதில் அவர் ஆக்கிய ‘பனி மனிதன்’ என்னும் நாட்டிய நாடகம் 1910-இல் வியன்னா அரசவை நாடகசாலையில் அரங்கேறிற்று. 1920-இல் ‘இறந்த நகரம்’ என்னும் இசைநாடகம் ஹாம்பர்க், கொலோன் ஆகிய இரு நகரங்களில் ஒரே நாளில் அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 23.

1934-இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரெய்ன்ஹார்ட் அழைக்க, ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் படத்துக்கு மெண்டல்சனின் இசையைப் பொருத்தித் தர ஹாலிவுட் சென்றார். 1935-இல் ‘காப்டன் பிளட்’ படத்துக்குத் தாமே இசை அமைத்தார். படத்தைத் திரையில் ஓடவிட்டுப் பியானோவின்முன் அமர்ந்து, காட்சிக்கேற்பக் கற்பனையாய் வாசித்தே இசையை உருவாக்குவது அவர் முறை. படத்தையும் பாட்டில்லாத இசைநாடகமாகவே அவர் கருதினார். ஆகவே அதற்கென உழைப்பைக் குறைத்தாரிலர்.

1938-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘ராபின் ஹூட்’ படத்தின்பொருட்டு மீண்டும் ஹாலிவுட் அழைத்தது. சென்று படத்தைக் கண்டவர், சண்டைக் காட்சிகள் மிகுந்த அது தம் இயல்புக்கு ஒவ்வாதென்று முதலில் மறுத்தார். ஆஸ்திரியாவை ஹிட்லர் நெருக்குஞ் செய்தி எட்டவே, மனம் மாறி ஒப்பினார். மார்ச் மாதத்தில் ஆஸ்திரியா ஹிட்லர் வசமாயிற்று. வியன்னாவில் அவர்தம் இல்லம் பறிமுதலாயிற்று. பெற்றோரும் மூத்த புதல்வனும் தப்பி வந்து சேர்ந்தனர். ஊர் திரும்பியிருப்பின் அவர் கதி என்னாகியிருக்கும் என எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. அப்படத்தின் இசைக்கே ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

ஹிட்லர் வீழுமளவும் கச்சேரிக்கென எதனையும் இயற்றுவதில்லை எனச் சபதம் பூண்டு, படங்களாலேயே குடும்பத்தைக் காத்தார். போர் முடிந்தபின் இயற்றிய வயலின் இசைக்கோவையில் தம் படங்களின் இசையையே கருவாக அமைத்தார். அதனை மாலரின் மனைவியார்க்குக் காணிக்கையாக்கினார். 1947-இல் வயலின் வித்வான் ஹைபெட்ஸ் அதனை அரங்கேற்றினார். எனினும் 1949-இல் வியன்னா சென்ற அவரைப் பழம்பாணியினரென்று பலர் புறக்கணித்தனர். அத்துயருடன் அமெரிக்கா திரும்பி, 1957 நவம்பர் 29-இல் தம் 60-ஆம் வயதில் காலமானார்.

1972-இல் அவர்தம் படயிசை இசைத்தட்டாக வெளிவந்தபின் உலகம் மீண்டும் செவிசாய்த்தது. இன்று அவ்வயலின் கோவை பல நாட்டு மேடைகளிலும் ஒலிக்கின்றது. நம் இளைஞர்கள் தமக்கு வாய்த்த தொழிலை ஊரார் எவ்வாறு மதிப்பினும், அதனிடத்துத் தம் முழுத் திறத்தையும் செலுத்துவாராக. தொழிலின் தகுதி அதனைச் செய்வோன் கையில் உளது என்பதே இச்சரிதத்தால் நாம் கொள்ளத்தக்கது.