ஒரு கையால் வென்றவர்

உடற்குறை உடையாரைக் கண்டு இரங்குதல் நற்குணமென்றே நாம் எண்ணுகின்றோம். ஆயின், அவ்விரக்கமே சிலவேளை அவர்தம் வழியை அடைக்கும் கதவாகிவிடுகின்றது. இவ்வுண்மையை ஆர்ச்சி ஸ்கொட் பிரௌண் என்னும் மோட்டார்ப் பந்தய வீரரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. ஒருகாலத்தில் இங்கிலாந்து தேச இரசிகர்கள் போற்றிய அவர் பெயரை இன்று அறிவார் சிலரே.

1927ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி ஸ்கொத்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரில் அவர் பிறந்தார். அன்னையார் கருவுற்றிருந்த காலத்தில் ஜேர்மன் சின்னமுத்து நோய் கண்டமையால், குழந்தையின் கால்கள் இரண்டும் வளைந்து குறுகியிருந்தன. வலக்கையும் முழுமை பெறாது முடிந்திருந்தது. இளம் பிராயத்திலேயே பல சத்திரசிகிச்சைகளைத் தாங்கிய பின்னரே அவர் நடக்கலானார். வளர்ந்த பின்பும் அவர் உயரம் ஏறக்குறைய 5 அடியே.

இத்தகையவர் கார் ஓட்டியது எங்ஙனம் என நாம் வியக்கலாம். இங்கிலாந்தின் கார்களில் சாரதி வலப்பக்கம் அமர்வார். கியர் மாற்றுவது இடக்கையின் வேலை. அவ்வேளையில் ஆர்ச்சி தம் குறைப்பட்ட வலக்கையைச் சுக்கானில் அழுத்திக் காரை நிலைநிறுத்துவார்.

1951ஆம் ஆண்டில் சிறிய எம். ஜி. கார் ஒன்றுடன் அவர் பந்தயத்திற் புகுந்தார். கேம்பிரிட்ஜ் நகரில் பொறித்தொழில் நடத்திய பிறயன் லிஸ்ரர் அவர் திறமையை உணர்ந்து, தாம் அமைத்த பந்தயக் காரை 1954இல் அவரிடம் ஒப்படைத்தார்.

அவ்வாண்டே சோதனையும் வந்தது. ஓல்ற்றன் பார்க்கிற் பிரித்தானியப் பேரரசுக் கிண்ணப் பந்தயம் நடந்தபோது, உடற்குறையைக் காரணங்காட்டி அதிகாரிகள் அவரை விலக்கினர். அவர் வேகத்தை எவரும் குறைகூறவில்லை. அவர் உடலையே குறைகூறினர். நண்பர்கள் வாதாடி நிற்க, அவ்வாண்டிலேயே அனுமதி மீண்டது. மறுஆண்டு, 1955இல், தம்மைத் திருப்பியனுப்பிய அதே திடலில் அதே கிண்ணத்தை ஆர்ச்சி வென்றார்! இதனினும் தக்க மறுமொழி வேறு யாது?

1956இல் சில்வர்ஸ்ரன் திடலில் கொனோட் காரில் பிரித்தானிய கிராண்ட் பிறிக்ஸ் பந்தயத்தில் ஓடினார். இத்தாலியின் மொன்சாவிலோ அவ்வாண்டு இடம் மறுக்கப்பட்டது. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். 1957இல் லிஸ்ரர் ஜாகுவார் காரில் பேரரசுக் கிண்ணத்தை மீண்டும் வென்றார். 1958இன் தொடக்கத்தில் நியூசிலாந்து சென்று விக்றம் கிண்ணத்தையும் பெற்றார்.

1958ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், அமெரிக்கரான மாஸ்ரன் கிறெகரியுடன் முதலிடத்துக்காகப் போட்டியிட்டபோது, மழையால் நனைந்த வளைவொன்றிற் கார் தடம்புரண்டு தீப்பற்றியது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 31.

அன்று தடுத்தவர்களே சரியெனச் சிலர் கூறலாம். நாம் அதற்கு உடன்படோம். நனைந்த பாதை இரு கையுடையாரையும் ஒரு கையுடையாரையும் வேறுபடுத்தி அறியாது. அக்காலத்தில் முழு அங்கத்தோடு மாண்ட வீரர் பலர். ஆர்ச்சி வேண்டியது இரக்கமன்று. ஏனையோருடன் ஒரே கோட்டில் நின்று புறப்படும் உரிமையே. நம் ஊரிலும், நம் வகுப்பிலும் அவ்வுரிமையை வேண்டி நிற்போர் உளர். அவர்க்கு இரங்குமுன் இடங்கொடுக்க இளைஞராகிய நாம் கற்றுக்கொள்வோமாக.